கச்சானுக்கு முதுகு காட்டும் அடுப்பு

ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் பெரிய சாலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால், வீடுகள் பெரும்பாலும் காரை வீடுகள்தான். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சமையல் சாய்ப்புகளில் மட்டும் இன்னும் பனையோலை கிடக்கிறது. நான் போனது ஆனி மாதம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் பல்லில் மண் கடிபட்டது. நான் பார்க்கப் போன விறகடுப்பு அப்படி ஒரு சாய்ப்புக்குள் இருந்தது. பெரிய அடுப்பு ஒன்று, அதிலிருந்து தீ தாவிப் போகிற கொடியடுப்பு ஒன்று. அடுப்பு வாய் கிழக்கே பார்த்திருந்தது.

"மார்கழியில வந்திருந்தா அந்தா, அந்த மூலையில சமைச்சிட்டு இருந்திருப்பேன் தம்பி," என்றார் வீட்டுக்கார அக்கா. எதிர் மூலையில் சாம்பல் வழித்துச் சுத்தமாக வைத்திருந்த இன்னோர் அடுப்பு, மேற்கே பார்த்தபடி. கச்சானுக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று. காற்று நேராக அடுப்பு வாய்க்குள் புகுந்தால் தீ பின்பக்கமாகச் சீறும், விறகு விறுவிறுவென்று தீரும், பொறி பறந்து ஓலையில் ஏறும். ஆகவே காற்றுக்கு முதுகு காட்டித்தான் இங்கே அடுப்பு போட வேண்டும்.

விறகடுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் காற்றோட்டம் வேண்டும் என்பார்கள். இந்தத் தீவில் காற்றுக்கா பஞ்சம்! அக்கா மேற்குப் பக்கம் இடுப்பளவுக்கு மண்சுவர் வைத்திருக்கிறார். கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்துகிடக்கிறது. கீழே தடுப்பு, மேலே வழி. புகை அப்படியே ஏறி வெளியே போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். அந்த மேல் திறப்பின் அருமை அப்போதுதான் புரிகிறது.

அடுப்புக்கு நேர் மேலே ஒரு தகரம் கட்டியிருந்தது. ஓலையோடு ஒட்டாமல், இடையில் கை நுழையும் இடைவெளி விட்டு. ஒட்டிக் கட்டினால் தகரம் காய்ந்து அந்தச் சூடே ஓலையைக் கருக்கிவிடும். தகரத்திலும் கூரையிலும் தொங்குகிற புகை ஒட்டடையை வாரா வாரம் நீளத் துடைப்பத்தால் அடித்துவிடுகிறார். ஒட்டடை பற்றினால் தீ கண்மூடித் திறப்பதற்குள் கூரை முகட்டுக்குப் போய்விடும்.

விறகு, கேட்கவே வேண்டாம், சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து ராமநாதபுரத்துக் கண்மாய்களையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்ட மரம். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை வெட்டி அகற்றச் சொன்னது பெரிய செய்தியானது. திட்டுகிற அதே ஊர்தான் இதில் மூட்டம் போட்டுக் கரி சுட்டுப் பிழைக்கவும் செய்கிறது. நின்று எரியும், தணல் நெடுநேரம் கிடக்கும். அடுப்புக்கு இதைவிட நல்ல விறகு இந்தச் சீமையில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் காய்ந்திருக்க வேண்டும். அக்கா இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். காய்ந்தது கணீரென்றது, ஈரக் கட்டை பொத்தென்றது. ஈர விறகை வைத்தால் அடிமுனையில் நுரை தள்ளும், கண்ணைக் கரிக்கும், கரி எங்கும் அப்பும். கையளவு நீளத்துக்குத்தான் வெட்டி வைத்திருந்தார். நீளக் கட்டையை வைத்தால் நுனி எரிந்து கழன்றதும் பாரம் பின்னால் சாய்ந்து, கொள்ளியோடு வெளியே உருண்டுவிடுமாம். அடுப்பு வாய்க்கு முன்னால் ஓலைப்பெட்டியோ சாக்கோ வைக்காததற்கும் அதுதான் காரணம்.

கரையில் உடைந்த வல்லத்துப் பலகைகள் சும்மா கிடக்கின்றனவே, அதை எரிக்கலாமே என்றேன். "அது வேணாம் தம்பி. பச்சையா எரியும், நெஞ்சை அடைக்கும்." அக்கா சொன்னது சரி. படகின் பெயின்ட்டிலும் ஆணியிலும் செம்பு இருந்தால் தீ பச்சையாகத் தெரியும். கடல்நீரில் ஊறிய மரத்தில் உப்பு இருக்கிறது. அது எரியும்போது நஞ்சான குளோரின் சேர்மங்கள் உண்டாகும். நைலான் வலைத் துண்டை வைத்துப் பற்றவைப்பவர்களைக் கரையில் பார்த்திருக்கிறேன், அதுவும் ஆகாது. பன்னாடை இருக்க அதெல்லாம் எதற்கு?

புகைபோக்கி ஏன் இல்லை? 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு நாடெங்கும் புகையில்லா அடுப்புத் திட்டம் நடத்தியது. போட்டுக்கொடுத்ததோடு சரி, குழாயில் கரி அடைத்தபோது எடுத்துவிடவும், அடுப்பு வெடித்தபோது பூசவும் பல ஊர்களில் ஆள் இல்லை. புகைபோக்கி வைப்பவர்கள் அதன் வாயைக் கூரை முகட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். ஓலைக் கூரையைத் துளைத்துச் சூடான குழாயைக் கொண்டுபோவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்னை உண்மையில் உறுத்தியது மண்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த சிவப்பு சிலிண்டர். 2016இல் உஜ்வாலா திட்டம் வந்த பிறகு கரையோர வீடுகளுக்கும் எரிவாயு வந்துவிட்டது. காபி, அவசரத்துக்குத் தோசை இதெல்லாம் அதில். சோறும் மீன்குழம்பும் விறகில். விலை ஏறுகிறபோது சிலிண்டர் ஓய்வெடுக்கும். இரண்டும் அருகருகே. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். விறகடுப்பின் தணல் இருப்பதும் அந்தத் தரையில்தான். கூரையடியில் விட்டிருக்கும் ஒரு முழத் திறப்பு இதற்கு உதவாது. இதைச் சொன்னதும் அக்கா மகனைக் கூப்பிட்டார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் சிலிண்டரும் எரிவாயு அடுப்பும் காரை வீட்டுக்குள் போயிருந்தன.

மறுநாள் பாலம் தாண்டிச் சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் ஒரு விடிலிக்குப் போனேன். பதநீர்க் காலம் முடியப் போகிறது. பனங்காட்டுக்கு நடுவே ஓலைக் குடில், அதற்குள் ஆள் இறங்கலாம் போன்ற அடுப்பு, மேலே தளதளவென்று பதநீர். பொங்கி வழியப் பார்த்தால் இடித்த ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுகிறார்கள், நுரை அடங்கிவிடுகிறது. வழிந்தால் பதநீரும் நட்டம், தீயும் தாறுமாறு. வாசலில் ஒரு பானைத் தண்ணீர், ஒரு குவியல் மணல். வேலை முடிந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்து மணலில் குத்தி அணைக்கிறார்கள். காய்ந்த அடுப்பின் மேல் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊற்றினால் மண் வெடிக்கும். சாம்பலை மறுநாள் ஆறிய பிறகுதான் வழிக்கிறார்கள், அதுவும் தகரச் சட்டியில். உள்ளே கங்கு ஒளிந்திருக்கும்.

கிண்டிக்கொண்டிருந்த ஆச்சி என் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இது நூலா, நைலக்ஸா?" பாலியஸ்டர் என்றேன். "அப்ப வெளியில நில்லுய்யா. ஒரு பொறி விழுந்தா உருகி மேலோட ஒட்டிக்கிரும்."

வாசலுக்கு வெளியே நின்றுதான் மீதியைக் கேட்டேன். பாகு கையில் தெறித்தால் என்ன செய்வீர்கள்? முன்பெல்லாம் சுண்ணாம்பு தடவுவார்களாம். இப்போது பேத்தி சொன்னபடி தண்ணீர்தான். பேத்தி சொன்னது சரிதான்: இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பற்பசை, மஞ்சள், மை எதுவும் கூடாது, காயம் பெரிதென்றால் 108. "இருபது நிமிசமா? அதுக்குள்ள பாகு முறுகிருமே," என்று சொல்லிவிட்டு ஆச்சி துடுப்பைத் தூக்கிப் பதம் பார்த்தார்.