தண்ணீர் பிடிப்பதும் கிருமி பிடிப்பதும்

விருதுநகரில் வீட்டுக்கு வீடு குடமும் டிரம்மும்தான். தாமிரபரணித் தண்ணீர் வந்தாலும் தினமும் வருவதில்லை; பிடித்து வைத்துத்தான் குடிக்கிறோம். தண்ணீர் பிடிப்பது எல்லோருக்கும் பழக்கம். அதிலுள்ள கிருமியைப் பிடிப்பது என் பிழைப்பாக இருந்தது.

100 மில்லி தண்ணீரை ஒரு வெள்ளைச் சவ்வு வழியாக இழுப்போம். செல்லுலோஸ் சேர்மத்தால் ஆன அதன் துளை 0.45 மைக்ரான். தண்ணீர் இறங்கிவிடும், பாக்டீரியா மேலே தங்கிவிடும். சவ்வை ஊட்டப்பொருள் மேல் வைத்து இன்குபேட்டரில் ஒரு நாள் விட்டால், ஒவ்வொரு கிருமியும் பெருகிப் புள்ளியாகத் தெரியும். 100 மில்லியில் ஒரு ஈ.கோலி கூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம்.

ஒருமுறை சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நாளைக்குத்தாம்மா சொல்ல முடியும்."

"இன்னைக்கு ராத்திரி பிள்ள தண்ணி கேட்டா எதக் குடுக்க சார்?"

கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் சவ்வு முழுக்கப் புள்ளிகள். நல்லவேளை, பிள்ளை தேறிவிட்டது. ஆனால் அந்த ஒரு நாள் தாமதம்தான் எங்கள் சோதனையின் பலவீனம்.

1982இல் குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சா குழுவினர் ஒரு சின்ன பாட்டில் சோதனையை வெளியிட்டார்கள். மலம் கலந்த தண்ணீர் என்றால் அதிலுள்ள காகிதம் கறுத்துவிடும். நம்மூர் வெயிலுக்கு இன்குபேட்டரே வேண்டாம். ஆனாலும் ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும்.

இப்போது வேறு வழி தேடுகிறார்கள். ஈ.கோலியின் உடம்பில் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றின் நுனி மேனோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும்; நம் சிறுநீர்ப்பையில் அது ஒட்டுவது இப்படித்தான். அதே சர்க்கரையைப் பாலிமர் பரப்பில் கோத்து வைத்தால், வெல்லத்தில் எறும்பு மொய்ப்பதுபோல் கிருமி வந்து ஒட்டும். அப்படிச் சேர்ந்ததைப் பெருகும்வரை விடாமல், ஒளியாலோ மின்சாரத்தாலோ கண்டுபிடிக்கலாம். வேறு சில கிருமிகளும் அதே சர்க்கரையில் ஒட்டும் என்பதுதான் சிக்கல்.

அது நம் வீட்டுக்கு வரும்வரை, குடத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், கை நனையாமல் மொண்டு எடுங்கள், கொதிக்க வைத்துக் குடியுங்கள். பேரன் பேத்தி இருக்கும் வீட்டில் இதில் சுணக்கம் வேண்டாம்.