பூந்தமல்லியில் ஒரு காலை

விமானம் கடல்களைச் சுருக்கிவிட்டது என்கிறோம். மீனம்பாக்கத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட அறுநூறு கிலோமீட்டரை அது என் மாமாவுக்குச் சுருக்கித் தரவில்லை.

தோஹாவிலிருந்து சிங்கப்பூர் செல்லும் வழியில், விடியுமுன் இறங்கி நண்பகலில் அவர் மறு விமானம் ஏற வேண்டும். ஊருக்குப் போய்வர நேரம் போதாது. விமான நிலையத்தருகே தங்கும் விடுதியில் அடைந்துகிடக்க மனமின்றி, போரூர் வழியாகப் பூந்தமல்லியில் என் அறைக்கு வந்துவிட்டார். வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம்.

இராமானுசருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் இது. நாள்தோறும் இங்கிருந்து காஞ்சிக்குப் பூக்கள் சுமந்து நடப்பாராம். முதுமையில் நடை தளர்ந்தபோது, பெருமாளே இங்கு வந்து காட்சி தந்தார் என்பது தலவரலாறு. அதைச் சொன்னேன். மாமா வெகுநேரம் பேசவில்லை.

வெளிநாட்டு வேலையை விரும்பும் நண்பர்களே! சம்பளக் கணக்கோடு இதையும் சேர்த்துப் பாருங்கள்.

புறப்படும்போது மாமா சொன்னார்: “நான் வந்தது பாட்டிக்குத் தெரிய வேண்டாம், மாப்பிள்ளை. சென்னை வரை வந்தவன் வீட்டுக்கு வரவில்லையே என்று ஏங்கிப் போவாள்.”

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இம்மலரில் எழுதுகிறேன்.