இடக்கை தேடுகிறார்கள்

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், மகளின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் கனடாவிலுள்ள ரொறன்ரோ நகருக்குச் சென்றிருந்தேன். அவள் குடும்பம் நகரின் கிழக்கே ஸ்காபரோவில் வசிக்கிறது. சென்று மூன்று நாட்கூட ஆகவில்லை. எனக்கு ஓர் உத்தியோகம் தரப்பட்டது.

"அப்பா, தம்பி எல்லாவற்றையும் இடக்கையாலேயே செய்கிறான். எழுதுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் அதைத் தடுக்கவும் மாட்டார்கள். சோற்றையும் அந்தக் கையால் அல்லவா பிசைகிறான்! நாலு பேர் வந்திருக்கும் இடத்தில் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றாள்.

"சரி, பார்ப்போம்" என்றேன். அதற்கு மேற் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்குரிய காரணத்தை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

நானும் இடக்கைக்காரனாகப் பிறந்தவனே. 1950ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில், ஏடு தொடக்கிய அன்றே தொடங்கிற்று என் வழக்கு. தட்டில் பரப்பிய அரிசியில் என் வலக்கை விரலைப் பிடித்து எழுதுவித்தார்கள். பிடியை விட்டதும் நான் இடக்கையால் அதை அழித்தேனாம். பள்ளியில் ஆசிரியர் அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழியில் அடித்தார். வீட்டில் ஐயா, சாப்பிடும் நேரத்தில் என் இடக்கையைச் சால்வைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். ஐயா கொடுமைக்காரர் அல்லர். ஊரார் தம் பிள்ளையைப் பழித்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அவருக்கு. ஆச்சி மாத்திரம், "அம்பாள் சுவாமிக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறா, மோனை?" என்று அவரைக் கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் வெற்றிலை இடிக்கப் போய்விடுவார். ஐயாவிடம் அதற்கு விடை இருக்கவில்லை. ஆயினும் கட்டு அவிழவில்லை. இரண்டு ஆண்டுகளில் நான் வலக்கைக்காரன் ஆகிவிட்டேன். என் கையெழுத்து இன்றுவரை கோணல்தான்.

இந்த நிலையிலேதான், ஒக்டோபர் 19ஆம் திகதி மாலை, பத்து வயதுப் பேரன் பாடசாலையிலிருந்து ஓடிவந்து, புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு, என்னைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இழுத்து உட்கார்த்தினான். ரொறன்ரோவின் 'புளூ ஜேஸ்' அணிக்கும் கிளீவ்லாந்து அணிக்கும் பேஸ்போல் ஆட்டம். அன்று தோற்றால் ரொறன்ரோவுக்கு அந்த வருடத்து ஆட்டமே முடிந்துவிடும்.

பேஸ்போல் நம் நாட்டு வாசகருக்கு அவ்வளவு பழக்கமில்லாதது. ஆகையால் இங்கே வேண்டிய அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மேட்டில் நின்று பந்தை வீசுவார். 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் ஒருவர் தடியேந்தி நிற்பார். நம் கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவைத்துப் பின்னர் மீண்டும் அழைக்கலாம். அங்கே ஆட்டத்தை விட்டு ஒருமுறை வெளியேற்றப்பட்டவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் வர முடியாது. தொடக்க வீச்சாளர் களைத்ததும் அவர் இடத்துக்கு வருபவரே மாற்று வீச்சாளர். அத்தகையவர்கள் ஏழெட்டுப் பேர், மைதானத்தின் ஒதுக்குப்புறத்திலே, எப்போது அழைப்பு வரும் என்று காத்திருப்பார்கள். அவர்களுள் இடக்கைக்காரர் ஒருவராவது இருக்கவேண்டும் என்பதில் எல்லா அணிகளும் கண்ணுங் கருத்துமாக இருக்கின்றன.

"ஏன் இடக்கை?" என்று பேரனைக் கேட்டேன். சோபாவின்மேல் ஏறிநின்று எனக்கு விளக்கினான். இடக்கையால் அடிப்பவருக்கு, வலக்கை வீச்சாளரின் பந்து புறப்படும்போதே நன்றாகத் தெரியும். வளைந்தாலும் அவரை நோக்கியே வளையும். இடக்கை வீச்சாளரின் பந்தோ அவர் முதுகுப்புறத்திலிருந்து கிளம்புவதுபோலத் தோன்றி, குறுக்கே கடந்து, தடிக்கு எட்டாமல் அப்பாற் போய்விடும். மேலும், அடித்தபின் ஓடவேண்டிய முதலாவது தளத்துக்கு இடக்கைத் துடுப்பாளர் ஓரிரு அடி கிட்ட நிற்கிறார். ஆகவே, வலக்கையால் எறியும் பையன்கள் பலரும் மறுபுறம் நின்று அடிக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் எறியும் கையை அப்படி மாற்றிக்கொள்ள எளிதில் முடியாது. மாந்தரில் பத்தில் ஒருவர்தான் இடக்கையர். பெரிய லீக்குகளின் வீச்சாளரிலோ நாலிலொரு பங்குக்கு மேற்பட்டோர் இடக்கையர். அத்தனை பேரைத் தேடிப் பிடித்தும் போதவில்லை.

அன்று கிளீவ்லாந்தின் தொடக்க வீச்சாளர் காயங்களின் காரணமாகக் கிடைத்த ஒருவர். றையன் மெரிற் என்ற இளைஞர். பெரிய லீக்கில் அதற்கு முன் ஒரேயொரு ஆட்டத்தைத்தான் தொடங்கியிருந்தார். பையன் நடுநடுங்கிப் போவான் என்று ரொறன்ரோ வீரர் ஒருவர் முதல்நாள் சொல்லியிருந்தார். அவரோ நடுங்கவில்லை. வேகமில்லாத பந்துகளை இடக்கையால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்து, நான்கு சுற்றுக்கு மேல் ஓர் ஓட்டமும் கொடாமல் நின்றார். (அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மணமக்கள் விரும்பிய பரிசுப் பொருட்களின் பட்டியலைக் கண்டுபிடித்த கிளீவ்லாந்து இரசிகர்கள் அவற்றை வாங்கிக் குவித்துவிட்டார்களாம். நம்மூரில் நடந்திருந்தால் மொய் எழுதியே கை ஓய்ந்திருக்கும்.)

பின்னர் வந்தார் அன்ட்றூ மில்லர். ஆறடி ஏழங்குல உயரம், இடக்கை. பேரன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். ரொறன்ரோவின் பலமான அடியாளர்கள் வலக்கையர். முறைப்படி பார்த்தால் அவர்களுக்கு இடக்கை வீச்சு அனுகூலமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மில்லரின் பந்து எந்தக் கைக்கும் அகப்படவில்லை. அந்தத் தொடரில் அவர் ஆட்டமிழக்கச் செய்த 23 பேரில் 14 பேர் 'ஸ்ட்ரைக் அவுட்' ஆனவர்கள். ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. 3-0 என்று ரொறன்ரோ தோற்றது. தொடரின் சிறந்த வீரர் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

"அவரை எங்கே கண்டுபிடித்தார்கள்?" என்றேன்.

"கண்டுபிடிக்கவில்லை, அம்மப்பா, வாங்கினார்கள்" என்றான் பேரன்.

அந்தக் கதையைப் பின்னர் நான் தேடிப் படித்தேன். 2006இல் பெருநம்பிக்கையோடு தெரிவுசெய்யப்பட்ட மில்லர், தொடக்க வீச்சாளராகப் பல ஆண்டுகள் தடுமாறினார். 2012இல் பொஸ்ரன் அணி அவரை மாற்று வீச்சாளர் ஆக்கியது. அதன் பிறகுதான் அவருக்கு விடிவு. 2014இல் போல்ரிமோர் அணி, இளம் இடக்கை வீச்சாளர் ஒருவரைக் கொடுத்தே இவரைப் பெற்றது; அவ்வருட முடிவில் நியூயோர்க் அணி நான்கு ஆண்டுகளுக்கு 36 மில்லியன் டொலர் தர இசைந்தது. 2016 ஜூலையில் அதே நியூயோர்க் அணி தன்னிடமிருந்த இடக்கைகளுள் இரண்டை விற்றது. மில்லரைக் கிளீவ்லாந்தும், மணிக்கு 105 மைல் வேகத்தில் வீசிப் பெயர்பெற்ற அரோல்டிஸ் சப்மனைச் சிக்காகோ அணியும் பெற்றன. ஒவ்வொருவருக்கும் நந்நான்கு வீரர் விலை. சிக்காகோ அணியிலே சப்மன் ஆடியது ஏறக்குறைய மூன்று மாதம். வருட முடிவில் நியூயோர்க்குக்கே திரும்பிவிட்டார். எனினும் அந்த மூன்று மாதத்தில் அந்த அணி, 108 ஆண்டு காத்திருந்த உலகத் தொடர் வெற்றியைப் பெற்றுவிட்டது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நவம்பர் 2ஆம் திகதி நடந்த கடைசி ஆட்டத்தில் மில்லர், சப்மன் இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்று வீசினார்கள். இருவரின் பந்தையும் வலக்கைத் துடுப்பாளர் தலா ஒருவர் மைதானத்துக்கு வெளியே அடித்தனர். விலைகொடுத்து வாங்கிய கையும் மனிதக் கைதான்.

ரொறன்ரோ அணியிலும் பிரெற் செசில் என்ற இடக்கை மாற்று வீச்சாளர் இருந்தார். அந்த நவம்பரில் செயின்ற் லூயிஸ் அணி அவரை நான்கு ஆண்டுகளுக்கு 30.5 மில்லியன் டொலருக்கு அமர்த்தியது. நினைத்தபடி அமையவில்லை, 2019 முழுவதும் கையின் நரம்புக் கோளாறினால் அவர் ஆடவேயில்லை. அதற்கு முன்பே, 2018 டிசம்பரில், அதே அணி மறுபடியும் ஓர் இடக்கையைத் தேடிப் புறப்பட்டு, அதே மில்லரை 25 மில்லியனுக்கு வாங்கியிருந்தது. தேவை ஒருபுறம் இருக்க, இந்தத் தேடலில் கைக்குள்ள மதிப்பு கைக்குரியவனுக்கு உண்டா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஒரேயொரு இடக்கைத் துடுப்பாளருக்காக மட்டும் அழைக்கப்பட்டு, இரண்டொரு பந்து வீசிவிட்டுத் திரும்பிப்போகும் மனிதர் அக்காலத்தில் அநேகர். 1,252 ஆட்டங்களில் வீசிய ஜெஸி ஒரோஸ்கோ என்ற இடக்கையர் தமது 46ஆம் வயதுவரை அவ்வாறு பிழைத்தார். அவ்வளவு ஆட்டங்களில் வேறெவரும் வீசியதில்லை. 2020இல் புதிய விதியொன்று வந்தது. வீச வந்தவர் குறைந்தது மூன்று துடுப்பாளரையேனும் எதிர்கொள்ள வேண்டும், அல்லது அந்தச் சுற்று முடியும்வரை நிற்கவேண்டும் என்றார்கள். ஒற்றை ஆளுக்காக வாழ்ந்த அந்தக் குலமே அத்தோடு அருகிப் போயிற்று.

ஆனால் என்னை உறங்கவிடாத கதை பில்லி வாக்னருடையது. வேர்ஜினியாவில் வறிய குடும்பத்தில் வளர்ந்தவர்; பிறவியில் வலக்கையர். சிறு பிராயத்தில் விளையாடும்போது வலக்கை முறிந்தது; ஆறியபின் மறுபடியும் முறிந்தது. பையன் சும்மா இருக்கமாட்டாமல் இடக்கையால் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பழகினான். அந்தக் கை 422 ஆட்டங்களின் வெற்றியைக் கடைசி நேரத்தில் காத்துக் கொடுத்தது. 2025ஆம் ஆண்டு, பேஸ்போலின் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். பேரன் தொலைபேசியில் அதைச் சொன்னபோது, நான் நெடுநேரம் பேசாமல் இருந்தேன். அவருக்கு எலும்பு முறிந்து கை மாறியது. எனக்குச் சால்வைத் துண்டு.

நிற்க. ஆட்டம் தோற்ற மறுநாளுக்கு வருகிறேன்.

மாலையில் பேரன் என்னைப் பின்வளவுக்கு அழைத்துப்போய்க் கையில் ஒரு பந்தைத் தந்தான். வலக்கையால் எறிந்தேன். தோள்மூட்டு வாதத்தினால் பந்து பாதிவழியிலேயே விழுந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, ஏன் என்று தெரியாமல், பந்தை மற்றக் கைக்கு மாற்றினேன். அறுபது ஆண்டுக்கு மேலாக ஒரு வேலையும் கொடுக்கப்படாத கை. அது பந்தை நேரே கொண்டுபோய் அவன் கையுறைக்குள் வைத்தது.

"அம்மப்பா, நீங்களும் லெஃப்ரியா?" என்று கத்தினான்.

குசினி யன்னலருகே மகள் நின்றிருந்தாள். அவள் எவ்வளவு நேரமாக நின்றாள் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளை தூங்கிய பின்னர் அவள் கேட்டாள். நான் அரிசித் தட்டையும் அடிமட்டத்தையும் சால்வைத் துண்டையும் பற்றிச் சொன்னேன். "ஏன் அப்பா இவ்வளவு காலமும் சொல்லவில்லை?" என்றாள். "ஐயாவைப் பற்றிக் குறையாகப் படுமே" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் அவள் கொடுத்த உத்தியோகத்தைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த நாள் இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். வழக்கமாக எங்கள் எல்லோருக்கும் தண்ணீர்ப் பேணி சாப்பாட்டுக் கோப்பைக்கு இடப்பக்கத்தில் இருக்கும். வலக்கை சோற்றில் இருப்பதால். அன்று தம்பியின் பேணி மாத்திரம் வலப்பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. இடக்கையால் சோற்றைப் பிசைந்தபடி, வரும் வருடம் ரொறன்ரோ யாரை வாங்கவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.