பெண், சினை

இங்கிலாந்தில் படித்தபோது டெவன் கடற்கரையின் ஒரு கழிமுகத்தில் பச்சை நண்டு எண்ணினேன். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதுதான் கணக்கு. மல்லாக்கப் போட்டு வயிற்று மடலைப் பார்ப்பேன். குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண், அடியில் ஏதாவது புடைத்திருந்தால் சினை நண்டு. விரல் விறைக்கும் குளிரில் அதற்குமேல் மெனக்கெடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு நண்டின் மடலைத் தூக்கினேன். சினை என்றால் மணிமணியாக விரலில் உறுத்தும். இது வழவழவென்று ஒரே பை. மஞ்சளாக, கொட்டைப்பாக்கு அளவில், காம்பில் தொங்கியது. எதிர்ப்பக்கம் சின்னத் துளை. சாக்குலினா! பாறையில் ஒட்டும் கொட்டலசுக்கு உறவு. நண்டுக்குள் வேராகப் படர்ந்துவிட்டுப் பையை மட்டும் வெளியே நீட்டும். மடலின் உட்புறம் ஆணுக்கே உரிய கலவிக்கால்கள் மெலிந்து கிடந்தன. ஆணை மலடாக்கி, தோலுரிக்கும்போது மடலையும் அகலமாக்கிவிடுகிறது இந்த ஒட்டுண்ணி. அந்த ஆணும் பையைத் தன் சினைபோலத் துடைத்துக் காக்கும். குஞ்சுகள் வெளியேறும் நேரம் தாய் நண்டுபோலவே உடலை ஆட்டி நீரில் விடும்.

முந்தைய இரண்டு நாள் நண்டுகளைத் தண்ணீரில் விட்டாயிற்று. மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். எண்ணவில்லை. கையிலிருந்த அந்த நண்டையும் ‘பெண், சினை’ என்றே எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன்.

பெண் அதிகம் என்று வந்த கணக்குக்குக் காரணம் வேண்டுமே! அங்கே தூண்டில் இரைக்காகச் சேற்றில் ஓடு பதித்து, தோலுரிக்க ஒதுங்கும் நண்டுகளைப் பொறுக்குவார்கள். அவர்கள் பெரிய ஆண்களை அள்ளிப்போவதால்தான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். வழிகாட்டி பாராட்டியது அந்த இரண்டு பக்கத்தைத்தான். அந்தப் பொறுக்குகிறவர்களில் ஒருவர், நான் நடுங்குவதைப் பார்த்துத் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்திருந்தார்.

பிற்பாடு நானே பாடம் எடுக்க வந்தேன். நண்டுக்குத் தூரத்துச் சொந்தமான மரப்பேனைப் பற்றிய வகுப்பு. அதன் உடம்பில் வாழும் வோல்பாகியா பாக்டீரியா தாயின் முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போவது. ஆணால் அதற்குப் பயனில்லை. அதனால் ஆணாக வேண்டியதைப் பெண்ணாக்கி முட்டையிடவும் வைத்துவிடுகிறது. அங்கே பெண் பெருகுவது மெய்யான பெருக்கம். சாக்குலினா பிடித்த நண்டில் பெண் கூடுவதில்லை, ஆண் பெண்வேஷம் கட்டுகிறது. பெண் நண்டுக்கும் மலடுதான்.

“அந்த நண்டை எப்படி சார் கண்டுபிடிக்கிறது?” என்றாள் ஒரு மாணவி.

“ஒவ்வொண்ணா மடலைத் தூக்கிப் பாக்கணும்மா. சோம்பல் படக் கூடாது” என்றேன்.