ஈயக்குண்டு தின்ற வாத்துக்கு யார் செலவு செய்வது?

வாத்துக்குப் பல் கிடையாது. தின்ற நெல்லையும் புல்விதையையும் அரைக்க அது சின்னச் சின்னக் கற்களைப் பொறுக்கி விழுங்கும். அந்தக் கற்கள் போய்ச் சேருகிற இடம் அரைவைப்பை. (கோழிக்கறிக் கடையில் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, கெட்டியான தசைப் பை, அதுதான்.) ஏரிச் சேற்றில் கிடப்பது கல்லா, துப்பாக்கியிலிருந்து சிதறிய ஈயக்குண்டா என்று வாத்துக்குத் தெரியாது. இரண்டும் ஒரே அளவு, ஒரே உருண்டை. விழுங்கிவிடும்.

அதற்குப் பிறகு நடப்பது கொடுமை. அரைவைப்பை அந்தக் குண்டைத் தேய்க்கத் தேய்க்க, வயிற்று அமிலம் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. நரம்புகள் செத்துப்போய் இரைப்பை அசையாமல் நின்றுவிடும். வயிறு நிறைய இரை இருக்கும், ஆனால் பறவை பட்டினியால் சாகும். இரண்டு மூன்று வாரம் சிறகு தொங்கிப்போய்க் கோரைப்புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். அதற்குள் நாயோ நரியோ பருந்தோ வேலையை முடித்துவிடும். ஏரிக்கரையில் செத்த வாத்துகள் குவியலாகக் கிடந்தால் செய்தி வரும். ஒன்றிரண்டாகக் காணாமல் போனால் யாருக்குத் தெரியும்?

இங்கே சொல்வது காரீயம். பாட்டி வீட்டு ஈயச்சொம்பில் ரசம் வைப்பது வெள்ளீயம், அது வேறு உலோகம். (இரண்டையும் தமிழில் "ஈயம்" என்றே சொல்லிவைத்திருப்பதால், வெள்ளீயம் என்று காரீயம் கலந்த சொம்பை விற்கிற வியாபாரிகளுக்கு நல்ல வசதி!)

சரி, நெய்வேலிக்கு வருவோம். டவுன்ஷிப்பில் மரங்களும் அகலமான தெருக்களும் பிளாக் நம்பர்களும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, சுரங்கத் தண்ணீர் எங்கே போகிறது என்ற யோசனை அதிகம் வராது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் பம்ப் வைத்து எடுக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பிய்த்துக்கொண்டு மேலே வரும். எடுத்த தண்ணீர் வாய்க்கால்கள் வழியாக வயல்களுக்கும், சேத்தியாத்தோப்புப் பக்கம் உள்ள வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போகிறது. சுற்று வட்டாரமே காய்ந்து கிடக்கும்போதும் அந்த ஏரிகளில் தண்ணீர் நிற்பதால் பறவைகள் வருகின்றன. நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து என்று ஒரு பெரிய கூட்டம். ஆக, அந்தப் பறவைகளுக்கு விருந்து வைப்பதே சுரங்கம்தான். விருந்தில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஈயம் வர நாலைந்து வழி உண்டு. 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் வந்தபிறகு இங்கே வாத்து சுடுவது குற்றம். ஆனாலும் நாட்டுத் துப்பாக்கிச் சத்தம் ஏரிகளை விட்டு முழுசாகப் போய்விடவில்லை. பழைய காலத்தில் சுட்ட குண்டும் சேற்றிலேயே கிடக்கும், அது மட்காது. அடுத்தது, வீச்சு வலையின் ஓரத்தில் கோத்திருக்கும் ஈயக்குண்டுகள். இங்கிலாந்தில் தூண்டில்காரர்களின் சின்ன ஈயக்குண்டுகளைத் தின்றே அன்னங்கள் செத்தன. 1987-இல் அந்தக் குண்டுகளைத் தடை செய்தபிறகு அன்னங்கள் பெருகின. மூன்றாவது, 2000-ஆம் ஆண்டு வரை பெட்ரோலில் கலந்து நாம் ஊதித் தள்ளிய ஈயம். நாலாவது, நெய்வேலிக்கே உரிய சாம்பல். நிலக்கரி எரிந்தால் கரி போய்விடும், அதிலிருந்த உலோகங்களில் பெரும்பங்கு சாம்பலில் செறிந்துவிடும்.

இதில் எது பறவையின் ரத்தத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். ஈயத்துக்கு 206, 207, 208 என்று எடை வித்தியாசமுள்ள ஐசோடோப்புகள் உண்டு. எந்தத் தாதுவிலிருந்து வந்ததோ அதற்கேற்ப அவற்றின் விகிதம் மாறும். கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. சிறகு நரம்பிலிருந்து ஒரு மில்லி ரத்தம், நல்ல கருவி ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கக் குண்டும் சாம்பலும் சேறும். அவ்வளவுதான். பிரச்சினை விஞ்ஞானத்தில் இல்லை, பணத்தில்.

இந்தியாவில் பறவை ஆராய்ச்சிக்குப் பணம் எப்படி வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் புது வைரஸ் காய்ச்சல் வந்தது. வலசைப் பறவைகள் கொண்டுவந்திருக்குமோ என்று பயந்தார்கள். உடனே உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது, சாலிம் அலியின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையம் மாட்ட ஆரம்பித்தது. அடுத்து அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுத் திட்டப் பணம் வந்தது. அதற்காக 1970களில் நாடாளுமன்றம் வரை சர்ச்சை போனது. 1980களில் நம்ம கோடியக்கரையில் நடந்த பெரிய வளையத் திட்டத்துக்கும் அமெரிக்க மீன் வனவிலங்குத் துறையின் நிதிதான். பறவைக்காக வந்த பணத்தைவிட, பறவையிடமிருந்து மனிதனுக்கு என்ன ஒட்டும் என்ற பயத்தில் வந்த பணம்தான் முதலில் கதவைத் திறந்தது. ஈயம் வாத்திடமிருந்து தும்மலில் ஒட்டாது. அதனால் அதற்கு அவசரமும் கிடையாது.

அமெரிக்காவில் வேறு வழி கண்டார்கள். 1937-இல் ஒரு சட்டம் போட்டுத் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கினார்கள். சுடுகிறவனே சுடப்படுவதற்குச் செலவு செய்கிறான்! ஈயக்குண்டு விஷம் பற்றி அங்கே 1894-லேயே எழுதியாகிவிட்டது. ஃபிராங்க் பெல்ரோஸ் என்பவர் 35,000-க்கும் மேற்பட்ட அரைவைப்பைகளின் கணக்கைப் பார்த்து, ஆண்டுதோறும் நீர்ப்பறவைகளில் 2 முதல் 3 சதவீதம் ஈயத்தால் சாகின்றன என்று 1959-இல் எழுதினார். அவருடைய குழுவின் முந்தைய சோதனைகளுக்குத் தோட்டாக் கம்பெனியே பணம் கொடுத்து உதவியிருந்தது. கம்பெனிப் பணம் வாங்கியும் கணக்கு நேர்மையாகத்தான் வந்தது. ஆனால் நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டு கூடாது என்று சொல்ல 1991 ஆனது. 32 வருஷம்!

நம்ம ஊரில் வாத்து சுடுவதே குற்றம் என்பதால் தோட்டா வரி என்ற பேச்சே இல்லை. அப்படியானால் யார்? கம்பெனிச் சட்டம் 2013 வந்தபிறகு, லாபம் பார்க்கும் பெரிய நிறுவனம் முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தாவரம், விலங்கு பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நெய்வேலி நிறுவனத்தின் பணத்தில் ஒரு துளி போதும் என்று தோன்றலாம். ஆனால் தன் சுரங்கத்து நீரைத் தானே சோதிப்பது தர்மகாரியம் ஆகாது. அது கடமைக் கணக்கில் வரவேண்டியது. மாசு செய்பவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், இதே தமிழ்நாட்டில்தான். எனவே ஏரிப்பூங்கா திறந்து பெயர்ப்பலகை வைக்கிற பணத்திலிருந்து இது வரக்கூடாது.

பணம் யாருடையது என்பதைவிட அது யார் கை வழியாகப் போகிறது என்பதுதான் முக்கியம். நிறுவனம் பணத்தைக் கட்டட்டும். மாதிரி எடுக்கும் இடத்தையும் நாளையும் அது முடிவு செய்யக்கூடாது. முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது (2023-இல் இந்திய வன உயிர் நிறுவனத்தோடு இணைத்துவிட்டார்கள்), பறவைகளின் உடலில் நஞ்சைத் தேடுவதில் நெடுநாள் அனுபவம் உள்ள இடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பக்கத்தில்தான். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டைப் பகுதி மாசு பற்றி அறிக்கை வெளியிட்டபிறகே பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கு எடுத்தது. வெளியாள் சோதித்தால்தான் விஷயம் நகர்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வலசை வாத்தை மட்டும் பிடித்துச் சோதித்தால் போதாது. அது மத்திய ஆசியாவில் விழுங்கியதை இங்கே சுமந்து வரலாம். ரத்தத்தில் ஈயம் சில வாரங்களே நிற்கும், எலும்பில் ஆயுசுக்கும் தங்கும். அதனால் வருஷம் பூராவும் அங்கேயே இருக்கும் நாமக்கோழியையும் தாழைக்கோழியையும் குறைந்தது மூன்று பருவமாவது பார்க்க வேண்டும். பிடிப்பதற்கு வனத்துறை அனுமதி வேறு.

நீர்ப்பறவையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் தாண்டினால் ஆராய்ச்சியாளர்கள் கவலைப்படுவார்கள். குழந்தைக்கு அமெரிக்கா 2021-இல் வைத்த எல்லை 3.5. அதே ஏரியில் வலை வீசுகிறவர்கள் குண்டைப் பல்லால் கடித்து இறுக்குவதுண்டு. திருட்டுத்தனமாகச் சுட்ட பறவையின் கறியில் குண்டுத் துணுக்கு இருந்தால் அது குழந்தையின் தட்டுக்குத்தான் வரும். முதல் ரத்த மாதிரியைத் தாழைக்கோழியிடம் எடுக்கிற அன்றைக்கே, கரையில் இருக்கும் வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடமும், பெற்றவர்கள் சம்மதித்தால், ஒரு சொட்டு எடுக்கலாம். கருவி ஒன்றுதான், அதற்குத் தனிச் செலவு அதிகம் ஆகாது.