பைரவியின் வீடும் பரவையின் கதவும்

திரைப்படமொன்றின் கதைமாந்தர் பதினெட்டு ஆண்டுகள் மூப்படைந்த நிலையில் சின்னத்திரையில் மீண்டும் தோன்றுவது தமிழில் அரிதாகவே நிகழ்ந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'சிந்து பைரவி'யின் தொடர்ச்சியாக, அதன் இயக்குநர் கே. பாலசந்தர் 2003இல் ஜெயா தொலைக்காட்சிக்காக உருவாக்கிய 'சஹானா' அத்தகையது. படத்தில் சிவகுமார் ஏற்றிருந்த ஜே.கே.பி. என்னும் கருநாடக இசைப் பாடகரின் வேடம் தொடரில் ஒய்.ஜி. மகேந்திரனுக்குச் சென்றது, ஆனால் அவருடைய மனைவி பைரவியாகப் படத்தில் நடித்த சுலக்சனாவே தொடரிலும் பைரவியாக வந்தார். நடிகர் தேர்வில் இவை சாதாரணமாக நேர்பவைதாம், இயக்குநர் இதனால் எதையும் உணர்த்த விரும்பினார் என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும், பழைய தொடர்கள் இணையத்தில் வேண்டியபோது பார்க்கக் கிடைக்கும் இக்காலத்தில், படத்தையும் தொடரையும் அடுத்தடுத்துப் பார்ப்பவரின் கண் தானாகவே பைரவியின் மேல் சென்று நிற்கிறது. கலைஞனின் முகம் மாறிவிட, அவ்வீட்டில் மாறாமல் இருக்கும் முகம் அவளுடையதாக இருப்பதே காரணம்.

படம் வெளிவந்த காலத்தில் பார்வையாளர் பெரிதும் பேசியது பைரவியைப் பற்றி அன்று. ஜே.கே.பி. இசையில் பெரிய மேதை. பைரவியோ அன்பும் பணிவிடையும் அறிந்தவள், இசை அறியாதவள், குழந்தையில்லாதவள். இந்த வெற்றிடத்தில் சுகாசினி ஏற்ற சிந்து என்னும் இசையறிவு மிக்க இளம்பெண் நுழைகிறாள். நட்பு உறவாகிறது, உறவு வெளிப்படுகிறது, சிந்து விலகுகிறாள், ஜே.கே.பி. குடியில் வீழ்கிறார். திரும்பி வரும் சிந்து அவரை மீட்டெடுத்தபின், அவரை மணந்துகொள்ளப் பைரவியே இசைந்தும் ஏற்க மறுத்து, தான் பெற்ற குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். சுகாசினிக்குச் சிறந்த நடிகைக்கும், இளையராஜாவுக்குச் சிறந்த இசையமைப்புக்கும், சித்ராவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்குமான தேசிய விருதுகள் இப்படத்தால் கிடைத்தன. இவற்றுள் இரண்டு சிந்துவின் உருவத்துக்கும் குரலுக்கும் உரியவை என்பதிலிருந்தே அக்காலப் பார்வை எங்கே குவிந்திருந்தது என்று அறியலாம். மனைவிக்கு இசை தெரியாது, ஆகவே கணவன் இசை தெரிந்தவளை நாடினான் என்னும் காரணத்தைப் படம் முன்வைத்தது. அதைப் பார்த்தவர்களும், சரியென்றார்களோ தவறென்றார்களோ, காரணமாகவே ஏற்றுக்கொண்டார்கள். இந்தக் காரணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு பழமையானது என்று தேடத் தொடங்கினால், தேடல் எதிர்பாராத வகையில் காவிரிக் கழிமுகத்தின் ஒரே ஊருக்குள், திருவாரூருக்குள், இரண்டு வழிகளாகப் புகுகிறது.

முதல் வழி பாட்டின் வழி. படத்தின் புகழ்பெற்ற கச்சேரிக் காட்சியில், பாமரர்க்குப் புரியும் தமிழில் ஏன் பாடக்கூடாது என்று அவையிலிருந்து கேட்கும் சிந்து, பாடகரின் அறைகூவலை ஏற்று 'பாடறியேன் படிப்பறியேன்' என்னும் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டைப் பாடி, அதிலிருந்து சுரங்களின் வழியே நடந்து, தியாகராசரின் 'மரி மரி நின்னே' என்னும் கிருதியில் போய்ச் சேர்கிறாள். கிருதி என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளோடு பெரும்பாலும் இறைவனை நோக்கி அமையும் இசைப்பா. இந்தக் கிருதி மரபாகப் பாடப்படுவது காம்போதி ராகத்தில். படத்திலோ இளையராஜா அதைச் சாரமதி ராகத்துக்கு மாற்றினார். நாட்டுப்புறப் பாட்டும் சாரமதியிலேயே அமைந்திருப்பதால் இரண்டும் தடையின்றி ஒன்றில் ஒன்று கலக்கின்றன. முதல்முறை பார்ப்பவர் நாட்டுப்புறப் பாட்டு உயர்ந்து சென்று கிருதியைத் தொட்டது என்று எண்ணுவார். காம்போதியில் அக்கிருதியைக் கேட்டுப் பழகிய பின் மீண்டும் பார்ப்பவருக்கு, உடை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தது கிருதிதான் என்பது விளங்கும். சிந்துவின் வெற்றி என்று கொண்டாடப்பட்ட காட்சியில் பாதி வெற்றி இசையமைப்பாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்தது.

சாரமதி, இருபதாம் மேளமாகிய நடபைரவியிலிருந்து பிறந்ததாகக் கொள்ளப்படும் ராகம். மேளம் என்பது ஏழு சுரங்களும் முறையாக அமைந்த தாய் ராகம், கருநாடக இசையில் அவை எழுபத்திரண்டு. இந்த ராகத்துக்கு முகமாக இன்றும் விளங்குவது தியாகராசரின் 'மோட்சமு கலதா' என்னும் மற்றொரு கிருதி. எனவே ஒரு கிருதியைவிட்டு விலகிய இசையமைப்பாளர் அதே வாக்கேயக்காரரின் இன்னொரு கிருதியின் வாசலில் போய் நின்றார் எனலாம். வாக்கேயக்காரர் என்பது சொல்லையும் இசையையும் தாமே ஆக்குபவரைக் குறிக்கும். அந்தக் கிருதி எழுப்பும் வினா, மெய்யான பத்தியோடு கூடிய இசையறிவு இல்லாதவர்க்கு இவ்வுலகில் விடுதலை உண்டா என்பது. தியாகராசர் அதை இறைநெறி சார்ந்து கேட்டார். இல்லறத்துக்குள் அதைக் கொண்டுவருவது அவர் நோக்கத்துக்கு அயலானது. ஆயினும் ஜே.கே.பி.யின் வீட்டில் பைரவி ஒவ்வொரு நாளும் நிறுத்தப்பட்டிருந்தது இந்த வினாவின் முன்னால்தான். சுருதியும் தாளமும் அறியாதவளுக்கு அந்த வீட்டில் இடமுண்டா என்பதைத் தவிர வேறெதுவும் அவளிடம் கேட்கப்படவில்லை.

தியாகராசர் 1767இல் பிறந்தது திருவாரூரில். அவர் தாங்கிய பெயரும் அவ்வூர்க் கோயிலில் வீற்றிருக்கும் தியாகேசரின் பெயரே. சியாமா சாத்திரியும் முத்துசுவாமி தீட்சிதரும் அதே ஊரில் அதே நூற்றாண்டில் பிறந்தவர்கள். தீட்சிதரின் 'மகாகணபதிம்' கிருதியும் படத்தில் ஒலிக்கிறது என்பதால், மும்மூர்த்திகள் எனப்படும் இவர்களுள் இருவரைப் படம் கச்சேரி மேடைக்கு அழைத்துவிட்டது. தமிழ்நாட்டின் நடுவே, தேவாரம் நாளும் ஓதப்பட்ட ஊரில் பிறந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கிலும் சமசுகிருதத்திலும் பாடியதற்கு, தஞ்சையைப் பதினாறாம் நூற்றாண்டு முதல் ஆண்ட நாயக்கரும் அவர்க்குப்பின் 1855 வரை இருந்த மராத்தியரும் அந்த மொழிகளைப் பெரிதும் போற்றியதும், தியாகராசரின் தாய்மொழி தெலுங்காக இருந்ததும் காரணங்கள். அதே கழிமுகத்தில் சீர்காழியின் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் அவர்க்கு முன்பே தமிழில் கீர்த்தனைகள் இயற்றியிருந்தனர் என்பதைக் கச்சேரி மேடைகள் நெடுங்காலம் மறந்திருந்தன. 1940களில் அண்ணாமலை அரசரின் முயற்சியால் எழுந்த தமிழிசை இயக்கம் இந்த மறதியை எதிர்த்தது. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பட்டது. திருவாரூரை அடுத்த நன்னிலத்தின் நல்லமாங்குடியில் 1930இல் பிறந்த பாலசந்தர், அந்த இயக்கத்தின் பிறப்பிடமாகிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து 1949இல் விலங்கியல் பட்டம் பெற்றவர். பின் முத்துப்பேட்டையில் சிறிது காலம் ஆசிரியராக இருந்து சென்னை சென்றவர். சிந்து அவையில் எழுந்து கேட்ட கேள்வி, அவருடைய மாணவப் பருவத்தில் காற்றில் இருந்த கேள்வி என்று கருத இடமுண்டு.

அந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்பதாக அமைத்ததற்கும் பின்னணி இருக்கிறது. திருவையாற்றில் தியாகராசருக்கு நிலம் வாங்கி நினைவாலயம் எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆயினும் ஆண்டுதோறும் நிகழ்ந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்து, அவரது நெடிய போராட்டத்துக்குப் பின்னரே, 1940களின் தொடக்கத்தில் ஆராதனையைப் பிரிந்து நடத்திவந்த குழுக்கள் ஒன்றாகி அந்த வழி திறந்தது. கோயிலைக் கட்டியவளே வாசலில் நிற்க நேர்ந்த இந்த மரபை எண்ணினால், சிந்து மேடையேறுவது வெறும் காதல் தொடக்கக் காட்சியாக நின்றுவிடுவதில்லை. ஆனால் பைரவிக்கு இந்த வரலாற்றிலும் பங்கு இல்லை. அவள் பாடவும் இல்லை, பாட விடு என்று கேட்கவும் இல்லை. அவளுடைய முன்னோடியைத் தேட வேண்டிய இடம் வேறு.

அது இரண்டாம் வழி. பாடகன் ஒருவன், அவன் வாழும் ஊரில் ஒருத்தி, வெளியூரில் மற்றொருத்தி என்னும் அமைப்பு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாறாக விரிந்து கிடக்கிறது. எட்டாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் சுந்தரர் தேவாரம் பாடிய மூவருள் ஒருவர். பெரியபுராணத்துக்கே முதல்நூலான திருத்தொண்டத்தொகையைத் திருவாரூரில் பாடியவர். அவர் அங்கே மணந்த பரவையார், கோயிலில் ஆடலும் பாடலும் பணியாகக் கொண்ட உருத்திரகணிகையர் குலத்தில் பிறந்தவர். குண்டையூர்க் கிழார் அளித்த நெல்மலை, இறைவன் ஆணையால் பூதங்களால் சுமக்கப்பட்டுத் திருவாரூர் வீதிகளை நிறைத்தபோது, அவரவர் மனை எல்லைக்குள் கிடக்கும் நெல்லை அவரவர் எடுத்துக்கொள்க என்று பறையறைவித்தவர் பரவையார்; பங்குனி உத்திரத் திருநாளில் அவர் செய்யும் கொடைக்காகவே சுந்தரர் திருப்புகலூர் சென்று பொன் பெற்றார். அதாவது சேக்கிழாரின் பரவை, கலை அறிந்தவள், ஊரறிந்தவள், களஞ்சியத்தின் தலைவி. நெல் விளையும் நாட்டில் இதைவிடப் பெரிய இல்லற ஆளுமையைக் கவிஞர் காட்டியிருக்க முடியாது.

அப்படிப்பட்டவளை விட்டுச் சென்ற சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு, உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்து மணந்தார். ஆரூரின் நினைவு வந்து சூளை மீறி எல்லை கடந்தபோது கண்ணொளி இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பெற்றார். இங்கேதான் கதையின் உச்சம். பரவையார் அவரை வீட்டுக்குள் விட மறுத்தார். சுந்தரரின் வேண்டுதலால் இறைவனே கோயில் அர்ச்சகர் வடிவில் நள்ளிரவில் தூது வந்து கதவைத் தட்டியும் பரவையார் இணங்கவில்லை; இரண்டாம் முறை தம் உண்மை வடிவோடு வந்த பின்னரே இசைந்தார். ஒரு பெண்ணின் சினத்துக்கு விடை சொல்ல இறைவனை ஆரூர் வீதியில் இருமுறை நடக்க வைத்த சேக்கிழாரின் துணிவு, அவரது சைவப் பற்றுக்கு நடுவே நின்று பார்த்தாலும் வியப்பளிக்கிறது.

பாலசந்தர் இந்தப் புராணத்தை மனத்தில் கொண்டு படத்தை எழுதினார் என்று சொல்வதற்கில்லை. இரு பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் என்னும் அமைப்பு 'இரு கோடுகள்' (1969) முதலே அவருக்குப் பழக்கமானது, கோவலன் கதையிலிருந்து தமிழுக்கே பழக்கமானது. இரண்டையும் அருகருகே வைப்பதால் தெரியவருவது வேறொன்று. பரவைக்கு ஆடல் பாடல் தெரியும், கொடை தெரியும், சுந்தரரின் பாட்டுக்கு முதல் கேட்போரில் ஒருத்தியாக இருந்தவளும் அவளே. இருந்தும் அவர் ஒற்றியூரில் சங்கிலியை விரும்பினார். மனைவிக்கு இசை தெரியாமையே கணவனின் பிரிவுக்குக் காரணம் என்னும் படத்தின் வாதம் இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது. சேக்கிழார் சுந்தரரின் செயலுக்கு ஊழையும், இரு பெண்களும் கயிலையில் உமையின் சேடியராக இருந்த முன்கதையையும் காரணமாகக் கூறினாரேயன்றிப் பரவையிடம் ஒரு குறையைக்கூடத் தேடவில்லை. எட்டு நூற்றாண்டு பிந்திய படமோ குறையைப் பைரவியின் செவியில் வைத்தது. மீண்டும் பார்க்கும்போது உறுத்துவது இதுதான்: அவள் சமையலறையில் நிற்கும் காட்சிகள், இசையைக் கற்றுக்கொள்ள அவள் எடுக்கும் முயற்சிகள் ஆகியவை முன்பு நகைச்சுவையாகவோ இரக்கமாகவோ தோன்றியவை, இப்போது அவை, குற்றம் சாட்டப்பட்டவள் தன் பக்கச் சான்றுகளைத் தேடி அலையும் காட்சிகளாகத் தெரிகின்றன.

பரவை என்னும் பெயர் ஆரூரில் புராணத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். முதலாம் இராசேந்திரனின் அனுக்கியார், அதாவது அவனுக்கு அணுக்கமானவர், பரவை நங்கையார் என்பவர் தியாகேசர் கோயிலைக் கற்றளியாக்கியதைக் கல்வெட்டு கூறுகிறது. அரசனும் அவரும் சேர்ந்து நின்ற இடத்தில் விளக்கு வைக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. மணமுறையின் சட்டகத்துக்கு வெளியே நின்ற ஒரு பெண்ணுக்கு ஊரறியக் கோயிலுக்குள் அளிக்கப்பட்ட அந்த இடம், இருபதாம் நூற்றாண்டுத் திரைக்கதையில் சிந்துவுக்குக் கிடைக்கவில்லை; குழந்தையைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போவதுதான் அவளுக்குக் கிடைத்த முடிவு.

தொலைக்காட்சித் தொடரின் வடிவம் இந்த முடிவைச் சும்மா விடக்கூடியதன்று. திரைப்படத்தில் ஒருத்தி புறப்பட்டுப் போனால் கதை முடிந்துவிடும். பல மாதங்கள் வீட்டுக்கூடத்துக்கு வந்துபோகும் தொடரில், போனவள் எங்கே வாழ்ந்தாள், கொடுக்கப்பட்ட பிள்ளை யாரைத் தாய் என்று அழைத்து வளர்ந்தது, அடுத்த தலைமுறைக்கு யார் என்ன சொன்னார்கள் என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லியே ஆகவேண்டும். 'ரயில் சிநேகம்' முதலாகத் தொலைக்காட்சியில் பணிபுரிந்திருந்த பாலசந்தர் இந்த வடிவத்தின் பசியை நன்கு அறிந்தவர். 'சஹானா' என்னும் பெயர் படத்தின் பெயரைப் போலவே ராகத்தின் பெயர். தியாகராசரின் 'கிரிபை நெலகொன்ன' கிருதியும் அந்த ராகத்தில் அமைந்தது. ராஜேஷ் வைத்யாவின் இசையோடு வந்த இத்தொடரில் பைரவி, படத்தில் தன்னிடம் சேர்க்கப்பட்ட முடிவைப் பதினெட்டு ஆண்டுகள் சுமந்தவளாக நிற்கிறாள். இளமையில் அவள் காட்டிய இசைவு பெருந்தன்மையாகப் போற்றப்பட்டது. நடுவயது முகத்தோடு அதே நடிகை வந்து நிற்கையில், அவள் மறுத்திருந்தால் அவளிடம் தூது செல்ல அந்தக் கதையுலகில் எவரேனும் இருந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. பரவை கதவைச் சாத்தியபோது ஊரின் தெய்வமே வெளியே நின்றது. பைரவியோ, கதவைத் தானே திறந்து இன்னொருத்தியை அழைக்க வேண்டியவளானாள்.

சங்கிலியின் பக்கம் பார்வையைத் திருப்பினால் சேக்கிழாரும் நெடிது பேசவில்லை. ஆரூரில் பரவையின் சினம் தணிந்து இல்லறம் தொடர்ந்ததைப் பாடிய கவிஞர், ஒற்றியூரில் தனித்துவிடப்பட்டவளின் வாசலுக்கு எவரையும் தூது அனுப்பவில்லை. கயிலையில் இருவரும் உமையின் சேடியராக மீண்டும் சேர்வதோடு அவள் கதை முடிகிறது. திருவொற்றியூர்க் கோயிலில் மாசிப் பெருவிழாவின்போது மகிழடி சேவை என்னும் நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. அங்கே ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்படுவது மகிழ மரத்தடியில் சுந்தரர் செய்த சூளும் அதைத் தொடர்ந்த திருமணமும்.