நம் பொறுப்பில் உள்ள பூமி

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்குக் குழந்தைகளின் படிப்பே முதற் கவலை. சம்பளம் குறைவாயினும், வீட்டு வாடகை மிகுதியாயினும், பிள்ளைகள் நல்ல பள்ளியில் படிக்கிறார்கள் என்றால் மனம் ஆறுதல் கொள்கிறது. வடநாட்டு நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, மத பேதம் பாராமல், கத்தோலிக்கக் கன்னியரும் குருமாரும் நடத்தும் பள்ளிகளுக்கே தம் மக்களை அனுப்புகின்றன. ஒழுங்கும் ஆங்கிலமும் வரும் என்பதே நாம் அங்கே எதிர்பார்ப்பது. அப்பள்ளிகளுள் சில, அண்மைக் காலமாக வேறொன்றையும் சிரத்தையுடன் கற்பித்து வருகின்றன. அது பூமியைப் பேணும் கல்வி. அதுபற்றி நாம் கண்டவற்றையும் கருதியவற்றையும் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விழைகிறோம்.

நாம் பாட்னாவை அடுத்த தானாப்பூரில் ரெயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணி புரிகிறோம். கங்கைக் கரையில் அமைந்த இவ்வூர்களில் கோடையும் கடுமை, மழையும் கடுமை. ஆயினும் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்தவை முதியோர் நினைவிலும் இல்லாதவை. 2019 ஜூன் மாதத்தில் அனற்காற்றால் கயை, ஔரங்காபாத், நவாதா மாவட்டங்களில் பலர் மாண்டனர். கயையில் பகல் 11 மணி முதல் 4 மணி வரை வெளியில் வேலை செய்வதற்கே தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் பாட்னாவின் ராஜேந்திர நகரிலும் கங்கர்பாகிலும் வீதிகளில் படகு விட்டு மக்களை மீட்டனர். 2020 ஜூன் 25 அன்று ஒரே நாளில் பீகாரில் எண்பதுக்கு மேற்பட்டோர் இடி விழுந்து இறந்தனர். 2024 மே இறுதியில் பள்ளிகளிலேயே குழந்தைகள் மயங்கி விழுந்தமையால், மாநில அரசு ஜூன் 8 வரை பள்ளிகளை மூடியது. உலகெங்கும் வெப்பத்தைப் பதிவு செய்யத் தொடங்கிய நாள் முதலாக அந்த 2024-ஆம் ஆண்டே மிகவும் வெப்பமானது என்று உலக வானிலை நிறுவனம் கூறிற்று. எனவே பருவநிலை மாற்றம் என்பது எங்கோ பனிமலையில் நிகழும் செய்தியன்று. நம் குழந்தைகளின் வகுப்பறைக்குள் புகுந்துவிட்ட செய்தி.

கத்தோலிக்கப் பள்ளிகள் இதில் முனைந்து நிற்பதற்குக் காரணமான ஓர் ஏடு உண்டு. 2015-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று, அப்போது பாப்பரசராயிருந்த பிரான்சிஸ் (2025 ஏப்ரலில் மறைந்தவர்) ஒரு சுற்றுமடலை வெளியிட்டார். லவுதாத்தோ சி என்பது அதன் பெயர். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் பாடிய பாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. அந்தப் பிரான்சிஸ் முனிவரைத்தான் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் 1979-இல் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். மடல் ஆறு அதிகாரங்களும் 246 பத்திகளும் கொண்டது. கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி இப்பூமியில் வாழும் ஒவ்வொருவருக்கும் எழுதப்படுவது என்று தொடக்கத்திலேயே சொல்லப்படுகிறது. ஆறாவது அதிகாரம் முழுவதும் கல்வியையும் ஆன்மிகத்தையும் பற்றியது. தாளையும் பிளாஸ்டிக்கையும் குறைத்தல், நீரைச் சிக்கனமாகச் செலவிடுதல், உண்ணுமளவே சமைத்தல், குப்பையைப் பிரித்தல், மரம் நடுதல், வேண்டாத விளக்கை அணைத்தல் முதலிய எளிய செயல்களை அது எடுத்துரைக்கிறது. பொது வண்டிகளில் பயணம் செய்வதையும் அது ஒரு நற்செயலாகச் சேர்த்திருப்பது ரெயில்வே ஊழியராகிய நமக்கு மகிழ்ச்சி தந்தது! 2021-இல் இதனை நடைமுறைப்படுத்த ஏழு ஆண்டுத் திட்டம் ஒன்றும் ஏழு இலக்குகளும் வகுக்கப்பட்டன. பள்ளிகளும் அதில் சேர்ந்து வருகின்றன.

அம்மடலின் உட்கருத்தை நம் தொழிலைக் கொண்டு விளக்குவது எளிது. கடவுள் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்பது விவிலியத்தின் தொடக்கத்தில் உள்ள செய்தி. பண்படுத்தலாம், ஆனால் காக்கவும் வேண்டும். மனிதன் உரிமையாளன் அல்லன், காரியஸ்தன். சரக்குக் கிடங்கில் நாள்தோறும் நெல்லும் உரமும் சிமெண்டும் வந்து இறங்குகின்றன. அவற்றுள் ஒரு மூட்டையேனும் நம்முடையதன்று. அனுப்பியவர் வேறு, பெறுபவர் வேறு. இடையில் அது நம் பொறுப்பில் உள்ளது. நனைந்தாலும் குறைந்தாலும் நாமே கணக்குச் சொல்ல வேண்டும். பூமியும் அத்தகைய சரக்கே. அனுப்பியவன் இறைவன், பெற்றுக்கொள்ள வேண்டியவர்கள் இன்னும் பிறவாத குழந்தைகள். குறைவைப் பற்றிக் கேள்வி வரும்போது, ரசீதைக் காட்டித் தப்பித்துக்கொள்ள இயலாது.

இக்கருத்து மடலோடு பிறந்ததும் அன்று. நம் நாட்டில் கத்தோலிக்க ஆசிரியர்கள் மரஞ்செடிகளைத் தேடி அலைந்த கதை நூறாண்டுப் பழமையுடையது. பம்பாயில் சேவியர் கல்லூரியின் பிளாட்டர் பாதிரியாரும் சாந்தாபாவ் பாதிரியாரும் தாவரவியலில் பெரும்பணி ஆற்றினர். நம் திருச்சிராப்பள்ளி சூசையப்பர் கல்லூரியில் இருந்துகொண்டு மத்தேயு அடிகளார் தமிழகத்துச் சமவெளித் தாவரங்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்த பெருநூல் 1981 முதல் வெளிவந்தது. இங்கே பாட்னாவில் 1988-இல் இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் அத்திக்கல் அடிகளார் மாணவர்களைக் கொண்டே ‘தருமித்திரா’ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். தரு என்றால் மரம், மித்திரர் என்றால் நண்பர். திகாவில் உள்ள அவர்களுடைய சோலையைக் காணப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டங் கூட்டமாகச் செல்கின்றனர். முதலில் மரத்தின் பெயரைத் தெரிந்துகொள், பின்பு அதனைக் காப்பாய் என்பதே இவர்கள் எல்லோரும் கைக்கொண்ட முறை.

கொள்கை உயர்ந்ததே. எனினும் கொள்கையின் மாற்று வெயிலில்தான் தெரியும். நம் மகள் ஐந்தாம் வகுப்புப் பயிலும் கன்னியர் பள்ளியில் இரண்டாண்டுகளுக்கு முன் பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்தது. வெப்பம் தாங்கவில்லை, வகுப்புகளுக்குக் குளிர்சாதனம் வைக்க வேண்டும், அதற்கு மாதம் 600 ரூபாய் கூடுதலாகத் தரத் தயார் என்று வசதி படைத்த பெற்றோர் பலர் கூறினர். குழந்தை வாடுவதைக் காணச் சகியாத பெற்றோர் அப்படிக் கேட்டதில் குற்றம் காண இயலாது. நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் அறுநூறு ரூபாயை எண்ணிப் பார்த்து மௌனமாயிருந்தோம்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்தார். அவர் தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்பவரின் மனைவி. பள்ளியின் பின்புறத்தில் தகரக் கூரையின் கீழ் ஏழைக் குழந்தைகளுக்காக நடைபெறும் இந்தி வகுப்பில் அவர் மகன் படிக்கிறான். “சிஸ்டர்ஜி, நான் படித்தவள் அல்லேன். முன் கட்டடத்து அறைகளில் அந்தப் பெட்டிகளை வைத்தால், அவை உமிழும் சூடு எந்தப் பக்கம் வரும்? பின் சுவர்ப் பக்கந்தானே? அங்கே எங்கள் பிள்ளைகளின் சன்னல் இருக்கிறதே!” என்றார். கூட்டம் சற்று நேரம் பேச்சற்று இருந்தது.

அவர் கேட்டது நூற்றுக்கு நூறு உண்மை. குளிர்சாதனப் பெட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருப்பதை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதை இயக்கும் மின்சாரமோ இப்பகுதியில் பெரும்பாலும் நிலக்கரியை எரித்துப் பெறுவது. நம் அலுவலகத்திற்கு எதிரே செல்லும் நிலக்கரி வண்டி ஒன்றில் 58 பெட்டிகள். ஏறத்தாழ நாலாயிரம் டன். அவ்வண்டிகளால்தான் ரெயில்வேக்கு வருமானம், நமக்கும் சம்பளம். அதனை மறந்து பேசுவது நேர்மையாகாது. ஆயினும் அக்கரியின் புகையே வானில் சேர்ந்து அடுத்த கோடையை மேலும் சுட வைக்கிறது. பாப்பரசரின் மடலும் பெருகிவரும் குளிர்சாதன வழக்கத்தை ஓர் உதாரணமாகவே எடுத்துக் காட்டுகிறது. நோயாளிக்கும் முதியவருக்கும் அது உயிர் காக்கும் சாதனம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒருவர் குளிர மற்றொருவர் வேகலாமா என்பதே கேள்வி. பூமியின் ஓலமும் ஏழையின் ஓலமும் வெவ்வேறல்ல என்று அம்மடல் கூறுவதன் பொருளை அந்த அம்மையார் ஒரு சன்னலைக் காட்டி விளக்கிவிட்டார்.

தலைமைச் சகோதரியார் எழுந்து, “மிகவும் சூடான அறை எதுவோ, அங்கிருந்து தொடங்குவோம்” என்றார். குடும்பத்துக்கு ஒருமுறை மட்டும் இருநூறு ரூபாய் என்று தீர்மானமாயிற்று. தகரக் கூரையின்மேல் வெண்ணிறப் பூச்சுப் பூசினர். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். 2010-இல் கடும் வெப்பத்தால் பெருந்துயருற்ற அகமதாபாத் நகரம், 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டத்தை வகுத்தபின் ஏழை வீடுகளில் கையாண்ட முறையும் இதுவே. கூரைக்குக் கீழே மூங்கில் தட்டி கட்டினர்; சன்னல்களில் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு நீர் தெளித்தனர். இரண்டு மணிக்கொருமுறை மணியடித்து எல்லாக் குழந்தைகளும் தண்ணீர் குடிக்கும் வழக்கம் ஏற்பட்டது. முற்றத்தில் மரங்களைச் சுற்றியிருந்த சிமெண்டை உடைத்து, மழை நீர் இறங்கக் குழி தோண்டினர்.

இடி மின்னலைப் பற்றியும் சகோதரிகள் கற்பித்தார்கள். மரம் நண்பன்தான், ஆனால் மின்னும்போது மரத்தடியில் நிற்கலாகாது, திறந்த வெளியில் ஆடலாகாது, உறுதியான கட்டடத்திற்குள் ஓட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தனர். இவ்வாறு மரத்தை நேசிக்கவும் ஆபத்தை அறியவும் ஒருங்கே கற்பிப்பதே உண்மையான கல்வி.

நாற்பது கன்றுகள் நடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிள்ளைகள் பொறுப்பு. விடுமுறையிலும் காலனிக் குழந்தைகள் முறை வைத்துக்கொண்டு குடத்துடன் சென்றனர். இரண்டு கோடைகள் கடந்தபின் இருபத்தேழு நிற்கின்றன. பதின்மூன்று பட்டுப்போயின, அவற்றின் பெயர்களும் பள்ளிப் பலகையில் எழுதப்பட்டுள்ளன. நட்ட கணக்கை எழுதுவோர் பலர். பட்ட கணக்கையும் எழுதுவோர் சிலரே. பின்புறத்து அறை இன்று குளிர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. மே மாதத்தில் அங்கே இன்னும் வியர்க்கிறது. ஆனால் உச்சி வேளையில் குழந்தைகள் அங்கே உட்கார்ந்து எழுத முடிகிறது.

சங்கத்து நண்பர் ஒருவர், “இது நம் குழந்தைகளுக்கு மதத்தைப் புகட்டும் வழியாகாதா?” என்று வினவினார். வினவத்தக்கதே. கன்னியர் தம் விசுவாசத்தை மறைக்கவில்லை. பிறர்மேல் திணிக்கவும் இல்லை. அவர்களுக்கு அது படைத்தவன்பால் செலுத்தும் கடமை. நமக்கோ, கோயில்தோறும் தல விருட்சத்தை வைத்து வணங்கிய முன்னோரின் வழி. மதுரைக்குக் கடம்பும் திருவிடைமருதூருக்கு மருதும் இருப்பதை நாம் அறிவோம். வேர் வேறாயினும் நிழல் ஒன்றே.

இதனால் நம் வீட்டிற்கும் ஒரு நன்மை விளைந்தது. மகள் பள்ளியிலிருந்து வந்து பீப்பல், ஜாமுன், அர்ஜுன், பேல், சேமல் என்று இந்தியில் அடுக்குவாள். நம் இல்லாள் அவற்றையே அரசு, நாவல், மருது, வில்வம், இலவு என்று தமிழில் திருப்பிச் சொல்வாள். மொழி மறந்துபோகும் என்று அஞ்சிய நமக்கு, ஊரில் இருந்த மரங்களே இங்கும் நின்று தமிழ் கற்பித்துக் கொடுக்கின்றன.

அன்பர்களே! நம் பிள்ளைகள் எப்பள்ளியில் பயின்றாலும், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டபின் இன்னும் மூன்று கேள்விகள் கேட்போம். இப்பள்ளியில் மிகவும் சூடான அறை எது? அதில் அமர்ந்திருப்போர் யார் பிள்ளைகள்? சென்ற ஆண்டு நட்ட மரங்களில் எத்தனை உயிரோடிருக்கின்றன? இவற்றுக்கு நேர்மையாக விடையளிக்கும் பள்ளி எம்மதத்தவர் நடத்துவதாயினும் அது நற்பள்ளியே. சொந்த ஊர் அல்லாத இடத்தில் நமக்கென்ன என்று ஒதுங்குவது தகாது. நாம் உண்ணும் நீரும் சுவாசிக்கும் காற்றும் இவ்விடத்தவை. பொறுப்பில் வந்த சரக்கைக் குறைவின்றி ஒப்படைப்பது எவ்வூர்க் கிடங்கிலும் கடமையே.